ஓட்டம் முடிந்த குதிரை

2024 ஜூனில் ஊட்டி, செப்டம்பரில் கிண்டி. இரண்டு குதிரைப் பந்தயத் திடல்களையும் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. கிண்டியின் குத்தகை 1946-இல் 99 வருஷத்துக்கு எழுதப்பட்டது. பரப்பு 160 ஏக்கர், வாடகைப் பாக்கி 730 கோடி ரூபாய். செய்தியெல்லாம் நிலக் கணக்காகவே இருந்தது. எனக்கு லாயத்து நினைவாகவே இருந்தது.

*

பந்தயக் குதிரை இரண்டு வயதில் ஓடத் தொடங்குகிறது. ஏழு வயதுக்குள் பெரும்பாலும் ஓட்டம் முடிந்துவிடும். கால் போனால் அதற்கும் முன்பே. ஆயுளோ இருபத்தைந்து வருஷம். கூட்டம் கைதட்டிப் பார்ப்பது அதில் ஐந்தில் ஒரு பங்கு. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். குதிரைக்கு ஓடினால்தான் பொன்.

*

அடிபடுவது பெரும்பாலும் முன்னங்கால். முழங்காலுக்குக் கீழே, பின்பக்கம் ஓடும் தசைநாண் வில்லாகப் புடைத்து நிற்கும். உள்ளங்கையை மேலிருந்து கீழே மெல்ல இறக்கிப் பார்க்கவேண்டும். பிறகு மறுகாலையும் அப்படியே. ஒன்று மட்டும் சுட்டால் புண் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆற ஒரு வருஷம் ஆகலாம். ஆறினாலும் அந்த இடம் தழும்புதான், பழைய நெகிழ்வு வராது.

ஒரு கால் நோகும்போது மற்ற கால்கள் சுமக்கின்றன. அதிலும் ஆபத்து. அமெரிக்காவின் பார்பரோ என்ற குதிரைக்கு 2006-இல் பந்தயத்தில் பின்னங்கால் முறிந்தது. முறிவை ஏறக்குறையக் கூட்டிவிட்டார்கள். பாரம் தாங்கிய மற்ற கால்களில் குளம்பழற்சி வந்து 2007 ஜனவரியில் கதை முடிந்தது.

*

இப்படி ஓட்டம் முடிந்த குதிரைக்கு இடம் தேடினால், சின்னசேலத்தில் காட்டுக்குப் பஞ்சமில்லை. தெரிந்த விவசாயி ஒருவர் சொன்னார்: “நாலு ஏக்கர் கெடக்குது சார். மக்காச்சோளம் இருக்கு, குச்சிக்கிழங்கு இருக்கு, நேப்பியர் இருக்கு. ஒரு குதிர தின்னுட்டுப் போவட்டுமே.”

நல்ல மனசு. ஆனால் அவர் சொன்ன மூன்றிலுமே கண்ணி இருக்கிறது. களத்தில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை மாடு ஓரளவு தாங்கும். குதிரைக்கு அது மூளையை அழிக்கும் நஞ்சு. குச்சிக்கிழங்குத் தழையில் சயனைடு உண்டு. ஆடு மாடு விழுந்ததை இந்தப் பக்கம் கேள்விப்படாதவர் இல்லை. நேப்பியரே தினசரித் தீனியானால் அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுக் குதிரையின் எலும்பை இளக்கும். போதாததற்குக் குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது போனதுதான்.

குதிரைக்கு வேண்டியது காய்ந்த நல்ல புல், நாளுக்கு எட்டு ஒன்பது கிலோ. கூட ஊறவைத்த கொள்ளு கொஞ்சம். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ ஆள். மாட்டுக்கு லாடம் கட்டுகிறவர் கைதேர்ந்தவர்தான், ஆனால் அவர் பழகியது பிளவுக் குளம்பு.

இன்னொன்று துணை. குதிரை கூட்டத்து உயிர். இன்னொரு குதிரை இல்லாவிட்டால் கழுதையோ ஆடோ பக்கத்தில் வேண்டும்.

*

பந்தயமே பார்க்காத ஊருக்கு இதில் என்ன பொறுப்பு?

கல்வராயன் மலையில் இருட்டில் விரியன் கடித்து ஒருவரைக் கீழே கள்ளக்குறிச்சிக்குத் தூக்கி வருகிறார்கள். அங்கே ஏற்றும் விஷமுறிவு மருந்து குதிரை ரத்தத்தில் உருவானது. பாம்பு விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பைப் பிரித்து எடுக்கிறார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்து. குதிரையைத் தொட்டே பார்க்காதவர் உடம்பிலும் குதிரை கொடுத்த உயிர் ஓடுகிறது. கடன் இல்லை என்று எப்படிச் சொல்வது?

*

கடனுக்காகக் குதிரையை எவர் கையிலும் கொடுத்துவிடவும் முடியாது. மசினகுடிப் பக்கம் மாவனல்லாவில் ஐபேன் அமைப்பு கைவிடப்பட்ட குதிரைகளையும் கழுதைகளையும் வைத்துப் பார்க்கிறது. அப்படிப்பட்ட இடங்கள் சில. கேட்டு நிற்கும் கால்களோ பல. கல்யாண வண்டிக்கும் கடற்கரைச் சவாரிக்கும் உடனே ஆள் கிடைக்கும். நொண்டும் காலுக்கு அது இன்னொரு பந்தயம்.

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையைக் கேலி பேசுகிறோம். கடிவாளத்தை ஆணியில் மாட்டிவிட்டுக் கொள்ளு மட்டும் வைக்க ஒருவருக்கு மனம் வருமா? வாங்க வருகிறவரிடம் கேட்கவேண்டியது அதுதான். பிரியம் இருக்கிறதா என்று கேட்டால் எல்லாரும் இருக்கிறது என்பார்கள். என்ன வேலைக்கு என்று கேட்கவேண்டும். பங்குனி சித்திரையில் புல் எங்கிருந்து வரும், நீங்கள் இல்லாத காலத்தில் யார் பார்ப்பார், வைத்துக்கொள்ள முடியாமல் போனால் விற்காமல் கொடுத்தவரிடமே திருப்பித் தருவீர்களா, எழுதிக் கையெழுத்துப் போடுவீர்களா?

கடைசியாக ஒன்றும் கேட்கவேண்டும். மருந்துக்கு அடங்காத வலி வந்து, அது எழுந்து நிற்க மாட்டாமல் போனால், நாள் கடத்தாமல் கால்நடை மருத்துவரை அழைத்து முடித்துவைப்பீர்களா? இதற்கு யோசித்துத் தலையாட்டுகிறவர் வீட்டுக்குக் குதிரையை அனுப்பலாம்.