பலனை எதிர்பாராதவரின் பெயர்



தீபாவளிக்கு வீட்டில் செய்யும் அகார்-அகாரை நாம் எல்லாருமே சாப்பிட்டிருப்போம். மலாய்ப் பெயர் கொண்ட அந்தச் சாதாரணப் பண்டத்தில்தான் இன்றைக்கும் உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் கிருமிகளை வளர்க்கிறார்கள். அது சமையலறையிலிருந்து அங்கே போன கதையைப் படித்த பிறகு, நான் செய்த ஒரு காரியம் என்னை உறுத்த ஆரம்பித்துவிட்டது.

1881-ல் வால்டர் ஹெஸ்ஸெ என்ற ஜெர்மன் மருத்துவர், ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் காற்றிலுள்ள நுண்ணுயிர்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். கிருமி வளர்க்க அப்போது ஜெலட்டின்தான். வெயில் காலத்தில் அது உருகிவிடும். சில கிருமிகள் அதையே கரைத்துவிடும். மனித உடம்பின் சூடான 37 டிகிரியில் வைத்தால் அது தண்ணீர்தான். அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸெ வீட்டில் ஜெல்லி செய்ய அகார் பயன்படுத்துவார். ஜாவாவில் வாழ்ந்து வந்த டச்சு அண்டை வீட்டார் மூலம் அவருக்கு அந்தப் பழக்கம் வந்தது. "இதைப் போட்டுப் பாருங்கள்" என்று யோசனை சொன்னவர் அவர்தான். போட்டார்கள். உருகவில்லை.

1882-ல் காசநோய்க் கிருமியைப் பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையில் கோக் அகாரைக் குறிப்பிட்டார். ஹெஸ்ஸெ தம்பதியரின் பெயரைக் குறிப்பிடவில்லை. அவர்களும் பணமோ புகழோ கேட்டுப் போகவில்லை.

இனி என் கதை. நாங்கள் நாலு பேர், இறுதியாண்டு புரோஜெக்ட். நீண்ட நாள் படுத்தே இருக்கும் நோயாளிகளுக்குப் படுக்கைப் புண் வரும் முன்பே, தெர்மல் கேமரா மூலம் தோலின் சூட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் தலைப்பு. நம்மைப் போன்ற கறுத்த தோலில் ஆரம்பச் சிவப்பு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் இந்த வேலை முக்கியம் என்று நம்பினோம்.

மூன்று வாரம் படம் எடுத்தோம். ஒரே நோயாளி, ஒரே இடம், ஆனால் சூடு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி. கேமராவைச் சந்தேகப்பட்டோம், புரோகிராமைத் திருத்தித் திருத்திப் பார்த்தோம். வார்டில் இருந்த ஒரு மிசி இதையெல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னாங்க: "தம்பி, திருப்பிப் படுக்க வச்ச உடனே எடுக்குறீங்களே, மெத்தைச் சூடு அப்படியே இருக்குமே. பத்து நிமிஷம் விட்டு எடுங்க." அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அளவுகள் ஒழுங்காக வர ஆரம்பித்தன.

போஸ்டர் போட்டியில் எங்களுக்குப் பரிசு கிடைத்தது. போஸ்டரில் எங்கள் நாலு பேர் பெயர், விரிவுரையாளர் பெயர், கேமராவின் மாடல் நம்பர்கூட இருந்தது. மிசியின் பெயர் மட்டும் இல்லை.

நண்பனிடம் இதைச் சொன்னேன். "அவங்க அதை எதிர்பார்த்தா செஞ்சாங்க? பலனை எதிர்பாராம செய்யுறதுதானேடா கர்ம யோகம்?" என்றான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் யோசிக்க யோசிக்க, இந்தப் பேச்சில் ஒரு தந்திரம் இருப்பது தெரிந்தது.

பலனை எதிர்பாராதே என்பது வேலை செய்கிறவனுக்குச் சொன்ன அறிவுரை. அந்த வேலையால் லாபம் அடைந்தவன் அதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள முடியாது. அதே கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில், பெற்றுக்கொண்டு எதையும் திருப்பிக் கொடுக்காமல் அனுபவிப்பவனைக் கண்ணன் திருடன் என்றே சொல்கிறார். முதல் பாதியை மிசிக்கு உபதேசம் பண்ணிவிட்டு, இரண்டாம் பாதியை நாம் மறந்துவிடுகிறோம்.

எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரான்ட்ஜனை நினைத்துப் பாருங்கள். 1895-ல் கண்டுபிடித்தார், காப்புரிமை வாங்கவில்லை. 1901-ல் கிடைத்த நோபல் பரிசுப் பணத்தையும் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். அது தியாகம். ஏனென்றால், அவர் கையில் இருந்ததை அவரே விட்டுக்கொடுத்தார். கைக்கே வராத ஒன்றை மிசி எப்படி விட்டுக்கொடுக்க முடியும்? அவங்க வேண்டாம் என்று சொல்வதற்காவது நாங்கள் முதலில் கொடுத்திருக்க வேண்டும்.

"ஒரு யோசனை சொன்னவருக்கெல்லாம் பெயர் போட்டால் பக்கம் போதாதே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் இதுதான்: அந்த ஆள் இல்லாவிட்டால் இந்த முடிவு வந்திருக்குமா? வந்திருக்காது என்றால், பெயர் போடாதது மறதி அல்ல, தவறு.

போஸ்டர் போனது போனதுதான். ரிப்போர்ட்டை இன்னும் ஒப்படைக்கவில்லை. போன வாரம் வார்டுக்குப் போய், செய்முறைப் பகுதியிலேயே அவர் பெயரைச் சேர்க்க அனுமதி கேட்டேன். "எனக்கு எதுக்குப்பா?" என்று சிரித்தாங்க. நான் திரும்பி நடக்கும்போது கூப்பிட்டாங்க. "போடுறதுன்னா, ராத்திரி ஷிஃப்ட்ல உங்களுக்குச் சூடு குறிச்சுக் கொடுத்தாங்களே ரெண்டு மிசி, அவங்க பேரையும் சேர்த்துப் போடு."

அந்த இரண்டு பேரை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை, நண்பர்களே.