ரத்தம் சொல்லாத பாவம்

திருவொற்றியூர்க் கோயில் மகிழ மரத்தடியில் சங்கிலியாரிடம் பிரியமாட்டேன் என்று செய்த சத்தியத்தை மீறித் திருவாரூருக்குப் புறப்பட்டார் சுந்தரர். ஊர் எல்லையைத் தாண்டியதும் பார்வை போயிற்று என்கிறது பெரியபுராணம். நோய் வந்தவரைப் பார்த்து "என்ன பாவம் பண்ணாளோ" என்று சொல்பவர்களுக்கு இந்தக் கதை வசதியாகக் கிடைத்துவிடுகிறது.

அந்தப் பேச்சுக்கு இடம் கொடுத்துவிடும் ஒரு சோதனை உண்டு. கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனைகளில் எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளில் ஒன்றான விடிஆர்எல்தான் அது. சிபிலிஸ் என்னும் பால்வினை நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. கண்ணாடித் தகட்டில் சீரத்தோடு கார்டியோலிப்பின் என்ற கொழுப்பு கலந்த கரைசலை ஒரு சொட்டு விட்டுச் சுழற்றுவார்கள். மைக்ராஸ்கோப்பில் துகள்கள் திரண்டு தெரிந்தால் பாசிட்டிவ். இங்கே கிருமியை யாரும் பார்ப்பதில்லை. மாட்டு இதயத்திலிருந்து எடுத்த அந்தக் கொழுப்பைப் பிடித்துக்கொள்ளும் புரதம் ரத்தத்தில் உண்டா என்பது மட்டுமே தெரியும்.

லூபஸ் வந்த உடம்பு, கிருமியே இல்லாமல் அதே புரதத்தை உண்டாக்கக்கூடும். தன்னையே அந்நியமாக நினைத்துத் தாக்கும் நோய் அது. பத்தில் ஒன்பது பேர் பெண்கள். 1950களில் அமெரிக்க மருத்துவர் ஜோசப் எர்ல் மூர், இப்படிப் பொய்யாக பாசிட்டிவ் வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தார். சிலருக்குப் பின்னாளில் லூபஸ் வெளிப்பட்டது.

ராயபுரத்திலோ எண்ணூரிலோ ஒரு வீட்டில் அந்த பாசிட்டிவ் என்ன பேச்சையெல்லாம் கிளப்பும்! டிபிஎச்ஏ என்ற அடுத்த சோதனை நெகட்டிவ் என்று வருவதற்குள் அந்தக் கர்ப்பிணி பாதி செத்திருப்பாள். சிபிலிஸே இருந்தாலும்தான் என்ன? புருஷனிடமிருந்தே வந்திருக்கலாம், பென்சிலினில் தீரும்.

அதே புரதம் நஞ்சுக்கொடியில் ரத்தத்தை உறையவைத்துக் கருவைக் கலைக்கவும் செய்யும். லண்டனில் கிரஹாம் ஹியூஸ் 1983-இல் இந்தத் தொடர்பை விளக்கினார். நாகதோஷம் என்று பரிகாரம் செய்து ஓய்ந்த பெண்களிலும் சிலருக்குக் காரணம் இதுவாக இருக்கலாம். ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் கொடுத்தால் பலருக்குப் பிள்ளை தங்குகிறது.

வினையை நம்புகிறவர்களும் ஒன்றை யோசிக்க வேண்டும். உடம்பு கிடைப்பதே வினையால்தான் என்கிறது சைவ சித்தாந்தம். அப்படியானால் நோயில்லாத உடம்பும் வினை தந்ததே. நோயாளியை மட்டும் பிரித்துக் குற்றம் சாட்டும் உரிமை பக்கத்து வீட்டுக்காரருக்கு எங்கிருந்து வந்தது? சுந்தரரின் வழக்கு அவருக்கும் இறைவனுக்கும் இடையில் நடந்தது. காஞ்சியில் ஒரு கண்ணையும் திருவாரூரில் மறு கண்ணையும் அவர் பாடித்தான் வாங்கினார். வள்ளுவரோ மருந்து அதிகாரத்தில் வினையைப் பற்றிப் பேசவே இல்லை; நோயின் காரணத்தைத் தேடச் சொல்கிறார்.

அந்தத் தேடல் ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும்போதே தொடங்க வேண்டும். மாமியாரை வெளியே உட்காரவைத்து, அந்தப் பெண்ணிடம் மட்டும், "பயப்படாதம்மா, இன்னொரு டெஸ்ட் பார்த்துடலாம். இதுக்கு முன்னாடி கரு கலைஞ்சிருக்கா? மூட்டு வலி உண்டா?" என்று கேட்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.