தொண்டும் தொழிலும்

ஆஸ்பத்திரித் தொண்டு என்றதும் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவோர் நோயாளியும் தொண்டனும் மாத்திரமே. இரவு பகலாக அவ்விடுதியிலே நின்று தொழில் செய்யும் தாதியும், மருந்து வழங்குபவரும், சிற்றூழியரும் அக்காட்சியில் இடம்பெறுவதில்லை. எமது பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு, வடபகுதியிலுள்ள ஓர் அரச வைத்தியசாலைக்குச் சனிக்கிழமைதோறும் சென்றுவரத் தொடங்கியபோது நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். தாதியருடன் ஒத்துப்போதல் என்பது புன்னகையும் பணிவும் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதே அன்றைய எமது கருத்து. அக்கருத்து ஒரு கோப்பைத் தேநீரில் உடைந்தது.

சத்திரசிகிச்சை விடுதியில் அன்று குடலிறக்கச் சிகிச்சைக்கு நியமிக்கப்பட்டிருந்த முதியவர் ஒருவர், தாகம் தாகம் என்று கெஞ்சினார். எம் மாணவன் ஒருவன் மனமிரங்கித் தான் கொண்டுவந்த போத்தலிலிருந்து பால் தேநீரை அவருக்குப் பருகக் கொடுத்துவிட்டான். சிறிது நேரத்தின் பின் அதை அறிந்த தாதி, விடுதி முழுவதும் கேட்கும்படியாக அவனை ஏசினார். பையன் அழுதான். எமக்குக் கோபம் மூண்டது. தாகித்தவருக்கு நீர் கொடுத்தல் எவ்வறநூலிற் குற்றமாகும் என்று கேட்டுவிடுவதென்றே தாதியரின் மேசையண்டை சென்றோம்.

மயக்க மருந்து கொடுக்கும்போது இரைப்பையில் உணவு இருக்குமாயின் அது மேலெழுந்து நுரையீரலுட் புகுந்துவிடலாம்; உயிரும் போகலாம். தெளிந்த நீரைக்கூட இரண்டு மணி நேரத்துக்கு முன் நிறுத்திவிட வேண்டும். பால் கலந்த தேநீரோ உணவாகவே கணிக்கப்படும். அதற்கு ஆறு மணி நேர இடைவெளி தேவை. இவற்றை அத்தாதி எமக்குச் சொல்லிவிட்டு, தணிந்த குரலில் மேலும் சொன்னார்: “நீங்கள் பின்னேரம் வீட்டை போயிடுவியள் மாஸ்டர். சேர்ஜனுக்கு மறுமொழி சொல்ல வேண்டியது நான்.”

முதியவரின் சிகிச்சை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயிற்று. அவரைப் பார்க்கவென நாட்கூலியை இழந்து வந்திருந்த மகன், அடுத்த வாரமும் அதை இழக்க வேண்டியதாயிற்று.

இச்சம்பவத்தைப் பற்றிப் பலநாள் சிந்தித்தோம். மாணவனின் இரக்கம் பொய்யன்று. ஆயின் அந்த இரக்கத்தின் விளைவை ஏற்க வேண்டியவன் அவனல்லன். தொண்டன் விரும்பும்போது வருகிறான், களைத்தாற் போகிறான். தாதிக்கு அவ்வுரிமை இல்லை. இத்தனைக்கும் நன்றி முழுவதும் தொண்டனுக்கே கிடைக்கிறது. இரவு முழுவதும் சிறுநீரின் அளவைக் குறித்து, சேலைன் மாற்றி, காய்ச்சல் பார்த்து நின்றவளை ஏறிட்டும் பாராத நோயாளி, காலையில் ஒரு பிஸ்கட் பைக்கற்றுடன் வந்த எம்மைக் கையெடுத்துக் கும்பிடுகிறார். எமக்கு அது இனிக்கத்தான் செய்தது. அவ்வினிமைக்காகவே நாம் அங்கு போகிறோமோ என்ற ஐயமும் அப்போதுதான் பிறந்தது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது மருந்துகள் இல்லாமற் போயின. வைத்தியரும் தாதியரும் வெளிநாடுகளுக்குப் புறப்பட்டனர். எஞ்சியோர் தோளில் இருமடங்கு சுமை ஏறியது. அவர்களுடைய கடுமையான சொல்லிற் பாதி, அச்சுமையின் சொல்லாகும்.

பாதி என்றுதான் சொன்னோம். வைத்தியசாலை ஊழியர் அனைவரும் குற்றமற்றவர் என்று வாதிட நாம் வரவில்லை. நல்ல சேலை உடுத்து வந்தவரை “அம்மா” என்றும், கந்தலுடன் வந்தவளை “ஏய்” என்றும் அழைக்கும் குரல்களை நாம் கேட்டிருக்கிறோம். கேட்டும் பலமுறை வாய் திறக்கவில்லை. திறந்தால் மறுவாரம் விடுதியினுள் விடமாட்டார்கள் என்ற அச்சமே காரணம். 1951 இல் அரச வைத்தியசாலைகளிற் கட்டணம் நீக்கப்பட்டதிலிருந்து, இந்நாட்டில் வறியவன் பெறும் மருந்து பிச்சையன்று, உரிமை. உரிமையுடையவளை ஒருவர் இழிவாகப் பேசும்போது, நல்லுறவைக் காப்பதற்காக மௌனமாக நிற்பவன் யாருடன் ஒத்துப்போகிறான்? இக்கேள்விக்கு எம்மிடம் இன்னும் நேரான விடையில்லை.

எம்முடைய குரலிலும் அதே பேதம் இருந்ததை ஒரு மாணவிதான் சுட்டிக்காட்டினாள். “சேர், நாங்கள் டொக்டரை ஐயா எண்டுறம், நேர்சை மிஸ்ஸி எண்டுறம், கக்கூஸ் கழுவிற அம்மாவை மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடுறம்” என்றாள். அவர் வயதில் எம் தாயை ஒத்தவர். அவர் பிறந்த சாதி இன்னதென்று எவரும் எமக்குச் சொல்லவில்லை. சொல்லாமலே எம் நாக்கு அறிந்திருந்தது. அன்றிலிருந்து மாணவர்கள் அவரைப் பெரியம்மா என்று அழைக்கலாயினர்.

இன்னொன்று, மொழி. கட்டிலின் தலைமாட்டிலே தொங்கும் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர், மானிப்பாயிலே தமிழில் மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். அவ்வழி தொடரவில்லை. ஆகவே நோயாளி எம்மிடம் சீட்டைக் காட்டி, “இதிலை என்ன எழுதிக்கிடக்கு, தம்பி?” என்று கேட்கிறார். வாசித்துச் சொல்வது எமது வேலையன்று. அரைகுறையாய்ச் சொன்னால் அது தேநீரினும் கொடிது. அவருடைய கேள்விகளை ஒரு துண்டில் எழுதி, வைத்தியர் சுற்றிவரும் வேளையில் அவர் கையிற் கொடுத்துவிடச் செய்தோம். முதலிற் சலித்துக்கொண்ட வைத்தியர் ஒருவர், பின்னர் தாமாகவே “துண்டு எங்கே?” என்று கேட்கத் தொடங்கினார்.

2024 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வைத்தியர்களின் கொடுப்பனவு 35,000 ரூபாவால் உயர்த்தப்பட்டபோது, அதுபோன்ற உயர்வைத் தமக்கும் கோரி ஏனைய சுகாதாரத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. வைத்தியசாலைகளுக்கு இராணுவத்தினர் அனுப்பப்பட்டனர். எமக்கும் அழைப்பு வந்தது: தள்ளுவண்டி தள்ளவும், விடுதி கூட்டவும் தொண்டர் வேண்டுமாம். வகுப்பு இரண்டாய்ப் பிரிந்தது. நோயாளி செய்த குற்றம் என்ன என்றனர் சிலர். கூலியின்றி நாம் செய்யும் வேலை, கூலி கேட்டு நிற்பவரின் கழுத்தை நெரிக்கும் கயிறு என்றனர் வேறு சிலர். இரு சாராரும் உண்மையே பேசினர். ஈற்றில், வழமையான சனிக்கிழமையில் நாம் செய்வதை மட்டும் செய்வது, உண்ண முடியாதவருக்கு ஊட்டிவிடுவது, கடிதம் எழுதுவது, சிற்றூழியரின் வேலையைத் தொடாதிருப்பது என்று முடிவாயிற்று.

அம்முடிவு நண்பகல்வரைதான் நின்றது. பாரிசவாதத்தாற் படுத்திருந்த முதியவர் ஒருவர் மலசலத்தில் நனைந்து கிடந்தார். முன்னர் குறிப்பிட்ட மாணவி எம் முகத்தைப் பார்த்தாள். இருவருமாக அவரைத் துடைத்து விரிப்பை மாற்றினோம். பிறகு வாயிலுக்குச் சென்று, அங்கே சுலோக அட்டையுடன் நிழலில் அமர்ந்திருந்த பெரியம்மாவிடம் நடந்ததைக் கூறினோம். அவர் கோபிப்பார் என்றே எதிர்பார்த்தோம்.

“குதிக்காலிலை புண் கிடக்கு, துணி உரஞ்சாமல் துடைச்சனியளோ?” என்று கேட்டார்.

அவருக்குக் குதிக்காலிற் புண் இருந்ததை நாம் கவனித்திருக்கவேயில்லை.