நம்பிக்கை முன்னா, தேர்ச்சி முன்னா?

இன்னும் எதுவும் கல்லாத மாணவனிடம் பெரியதொரு வேலையை நம்பி ஒப்படைப்பது முறையாகுமா? பொறியியல் கற்பிக்கும் இடங்களில் இதற்குப் பழைய விடை ஒன்று உண்டு: முதலில் கணிதமும் இயற்பியலும் கற்கட்டும், தகுதி வந்தபின் எதையேனும் செய்து பார்க்கட்டும். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆயினும், எதையோ படைக்க வேண்டுமென்ற ஆசையோடு நுழைந்த இளைஞன், அந்தக் காத்திருப்பிலேயே மதிப்பெண்ணுக்கு மட்டும் உழைப்பவனாகச் சுருங்கிப் போவதை நாம் கண்டிருக்கிறோம் அன்றோ?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1997இல் நிறுவப்பட்ட ஒலின் பொறியியல் கல்லூரி, முறையான வகுப்புகளைத் தொடங்குமுன், 2001இல் 30 மாணவரை வரவழைத்தது. பாடத்திட்டம் வகுப்பதில் அவர்களைப் பங்காளிகளாக்கிற்று. பள்ளிப் படிப்பை மட்டுமே முடித்திருந்த அவர்களுள் சிலரிடம், விரல் நுனியில் ஒளியைச் செலுத்தி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவியைச் செய்யுமாறு கூறி, ஐந்து வார அவகாசம் தந்தனர். ஆசிரியர்கள் எதிர்பார்த்தது தோல்வியைத்தான். கருவியோ இயங்கிற்று! தேவை எழுந்தபோது வேண்டிய பாடத்தை மாணவரே தேடிக் கற்றுக்கொண்டனர்.

உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. புதிர்க்கட்டைகளை விருப்பத்தோடு அடுக்கிய கல்லூரி மாணவருக்குக் காசு கொடுத்துப் பின் நிறுத்தியபோது, ஓய்வு நேரத்தில் அவர்கள் அவற்றைத் தொடுவது குறைந்தது. மதிப்பெண்ணும் ஒருவகைக் காசுதானே!

"பொறியியலில் பிழை உயிரைக் குடிக்குமே" என்பார் உண்டு. மெய்தான். 1981 ஜூலை 17 அன்று கான்சாஸ் நகரத்து ஹயாட் ரீஜென்சி விடுதியில், ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கிய நடைபாலங்கள் இடிந்து 114 பேர் மாண்டனர். இரண்டு பாலங்களையும் ஒரே நீண்ட கம்பிகளில் தொங்கவிடுவதாக இருந்த அமைப்பை மாற்றி, கீழ்ப்பாலத்தை மேல்பாலத்திலிருந்தே தொங்கவிட்டனர். மேல்பாலத்தின் இணைப்பு இருமடங்குச் சுமையைத் தாங்க நேர்ந்தது. கல்லூரி மாணவன் போடக்கூடிய கணக்கு அது. பட்டமும் உரிமமும் பெற்றவர்கள் போடவில்லை. தேர்ச்சி இருந்தது. 'இது என் பொறுப்பு' என்று நின்று கேட்க ஒருவர் இல்லை.

ஒலின் சிறிய கல்லூரி. தொடக்கத்தில் படிப்புக் கட்டணமும் வாங்கவில்லை. கடன்பட்டுப் பயிலும் பிள்ளைகள் நெருக்கியடித்து அமரும் வகுப்பில் அதை அப்படியே நடவு செய்ய இயலாது. தடை அதுமட்டுமா? மாணவன் கேட்கத் தொடங்கினால் பாடம் முடியாதே என்று அஞ்சி, கையமர்த்திய ஆசிரியருள் நானும் ஒருவன். நம்பிக்கை கொடுப்பவன் தன் பிடியைச் சற்றுத் தளர்த்தியாக வேண்டும், கசப்பது அதுவே.

பருவத்துக்கு ஒரு சோதனையையேனும் அச்சிட்ட செய்முறை இன்றி மாணவரிடம் விடலாம். விடை தவறிவிட்டால், ஏன் தவறிற்று என்று அவர் எழுதுவதற்கே மதிப்பெண் இடலாம்.