ஈடு எதுவரை?

'ஐ.பி. கொடுத்துவிட்டார்', அதாவது திவால் மனுப் போட்டுவிட்டார், என்ற பேச்சே வீரகேரளம்புதூரிலும் சுரண்டையிலும் ஒருவர் மானத்தை வாங்கப் போதும். மஞ்சள் நோட்டீஸ் விட்டவர் ஊரை ஏமாற்றியவர் என்பது பொதுத்தீர்ப்பு. சட்டம் அத்தனை அவசரப்படுவதில்லை. இன்றும் நடப்பில் உள்ள 1920ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டப்படி, கடனாளியின் சொத்து நீதிமன்றப் பொறுப்புக்குப் போகிறது. விற்ற பணம் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்காகிறது. நேர்மையாக நடந்தவர் என்று தெரிந்தால் மிச்சக் கடனிலிருந்து அவருக்கு விடுதலை. ஈடு வாங்கியவரை மட்டும் 28ஆம் பிரிவு தொடுவதில்லை. கைமாற்றுக் கொடுத்த பக்கத்துக் கடைக்காரருக்கு ரூபாய்க்கு நாலணா தேறினாலே பெரிது. வயலை அடமானம் பிடித்தவரோ அதை விற்றுத் தன் பாக்கியை எடுத்துக்கொள்ளலாம். கேட்க உறுத்தினாலும் இதில் அநியாயம் இல்லை. வயலை நம்பித்தான் அவர் கொடுத்தார். வாங்கியவரும் அறிந்தே எழுதிக் கொடுத்தார்.

அடமானம் வைக்க வயலும் நகையும் இல்லாதவர் எதை ஈடு வைப்பார் என்பதில்தான் சிக்கல். பீடி சுற்றும் பெண்ணிடம் கந்துவட்டிக்காரர் கேட்பது கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையும் ஏ.டி.எம். அட்டையும். சட்டத்தின் கண்ணில் அந்த அட்டை ஈடே அல்ல. நடைமுறையில் அதைவிடக் கெட்டியான ஈடு கிடையாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு சமையல் பாத்திரம், கைத்தொழில் கருவி, மத வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத அணி ஆகியவற்றோடு கூலியாளின் கூலியையும் ஜப்தியிலிருந்து விலக்குகிறது. மடியிலிருக்கும் சொளகையும் கத்தரியையும் அமீனா தொட முடியாது. ஆனால் அவற்றால் ஈட்டிய கூலி, கணக்கில் ஏறிய அன்றே வேறொருவர் கைக்குப் போகிறது. நீதிமன்றமே செய்யத் தயங்குவதை ஓர் அட்டை செய்துவிடுகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1934இல் லோக்கல் லோன் எதிர் ஹன்ட் வழக்கில் இந்தக் கோட்டைத்தான் கிழித்தது: திவால் விடுதலைக்குப் பிறகு சம்பாதிக்கும் சம்பளத்தின்மீது, முன்பு எழுதிக் கொடுத்த ஈடு செல்லாது. இருக்கும் பொருளை ஈடு வைக்கலாம்; இன்னும் செய்யாத வேலையை வைப்பது கொத்தடிமைத்தனத்துக்குப் பக்கத்து வீடு.

'வாங்கும்போது தெரியாதா?' என்பார்கள். தெரியும்தான். காசிதர்மம் என்ற ஊரின் குடும்பம் ஒன்று கந்துவட்டிக் கொடுமையால் 2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் தீக்குளித்தபோது, கந்துவட்டியைத் தடுக்கும் சட்டம் வந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. கடன் வாங்கியது தெரிந்துதான். அதற்காக உயிரோடு மீள வழியே இருக்கக்கூடாதா? ஏமாற்றுக்காரர்களுக்குக் கதவு திறந்துவிடும் என்ற அச்சம் இதைவிடக் கனமானது, சீட்டு நடத்திவிட்டு மஞ்சள் நோட்டீஸ் விட்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்தக் கதவில் தாழ்ப்பாள் இருக்கிறது: மோசடியால் வந்த கடன் விடுதலையில் கரையாது, மனைவி பெயருக்குச் சும்மா எழுதி வைத்த நிலத்தை இரண்டாண்டு வரை பின்னோக்கிப் போய் ரத்து செய்யலாம், ஈடில்லாக் கடனில் ரூபாய்க்கு எட்டணாகூடத் தேறாவிட்டால், அது தன் குற்றமல்ல என்று கடனாளியே காட்ட வேண்டும். கூலியைப் பிடிக்க முடியாதென்றால் ஏழைக்கு யார் கடன் கொடுப்பார் என்பதற்கும் பதில் உண்டு. கூலியைப் பிடித்தால் மட்டுமே வசூலாகும் கடன், கொடுக்கும்போதே திருப்பிக் கட்ட முடியாத கடன். அது குறைந்தால் நல்லது.

2016ஆம் ஆண்டுத் திவால் சட்டம் ஏழைக் கடனாளிக்கென்றே ஒரு புதுத் தொடக்கத்தை எழுதி வைத்தது. ஆண்டு வருமானம் 60,000, சொத்து 20,000, கடன் 35,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. தனிநபர் பகுதி 2019 டிசம்பரில் நடப்புக்கு வந்தது, நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும். ஜாமீன் நின்ற முதலாளிக்குத் திறந்த வாசல் பீடித் தொழிலாளிக்குத் திறக்கவில்லை. நாளையே திறந்தாலும் அவளுக்குச் சொந்தமாக ஓர் ஓட்டு வீடு இருந்தால், அது அடமானத்தில் கிடந்தாலும், அவள் தகுதியற்றவள். அந்த நிபந்தனையை எடுக்காமல் அறிவிக்கை மட்டும் வெளியிடுவதால் கிராமத்தில் பயன்பெறுவோர் அரிதாகவே இருப்பார்கள்.