அடுத்த ஊரில் உன் பெயர் இருக்கட்டும்

பெரிய மேடை கிடைக்கவில்லையே, இரண்டாம் வரிசையிலேயே காலம் போகிறதே என்று குமைகிறாயா தம்பி? தலையை நிமிர்த்து! அந்த இரண்டாம் வரிசை எப்படிப்பட்ட களம் என்று தெரியாமல்தான் நீ வெட்கப்படுகிறாய்.

அமெரிக்காவில் கோர்ன் ஃபெர்ரி டூர் என்றொரு தொழில்முறை கோல்ஃப் தொடர் இருக்கிறது. பிஜிஏ டூர் என்கிற பெரிய களத்துக்கு ஒரு படி கீழே. 1990இல் பென் ஹோகன் நிறுவனத்தின் பெயரில் தொடங்கியது. பணம் போடும் நிறுவனம் மாற மாறப் பெயரும் மாறியது. முதல் ஆண்டில் மேலே போகும் கார்டு, அதாவது பிஜிஏ டூரில் ஆடும் உரிமை, ஐந்தே பேருக்குத்தான் கிடைத்தது. 2025 முதல் இருபது பேருக்கு.

அங்கே ஒரு சீசன் ஆடிப் பார்த்தால் தெரியும். ஜனவரியில் பஹாமாஸ் கடற்காற்றில் தொடங்குவார்கள். சில வாரத்தில் கொலம்பியாவின் போகோட்டா. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,600 மீட்டர் உயரம். காற்று மெலிந்த இடம் என்பதால் அதே அடிக்குப் பந்து கூடுதல் தூரம் பறக்கும். எந்த மட்டைக்கு எத்தனை கெஜம் என்று கையும் மனமும் பழகி வைத்திருந்த கணக்கு அங்கே செல்லாது. பயிற்சி நாட்களில் ஒவ்வொரு மட்டையாக எடுத்து அடித்து, புதுக்கணக்கைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். எழுதியது மனதில் பதிவதற்குள் பெட்டி கட்ட வேண்டும். அடுத்த ஊரில் அந்தக் கணக்கும் உதவாது.

விமானச் சீட்டு, மட்டைப் பையைச் சுமக்கும் உதவியாளரின் சம்பளம், சாப்பாடு, எல்லாம் சொந்தப் பணம். உள்ளூர்க் குடும்பங்கள் சில, ஆட்டக்காரர்களுக்குத் தம் வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுக்கும். அந்த நல்ல மனங்கள் வாழ்க! முதல் இரண்டு நாள் ஆட்டம் முடிந்ததும் 'கட்' விழும். ஏறக்குறைய 65 பேர் தங்குவார்கள். ஒரே ஓர் அடி கூடிப்போனாலும் வெள்ளிக்கிழமையே வெறுங்கையோடு கிளம்ப வேண்டியதுதான்.

ஆனால் இதைக் கவனி. கார்டு யாருக்கு என்பதைத் தீர்மானிக்கும் புள்ளிப் பட்டியலில், அப்படிக் கிளம்பியவனுக்கு அந்த வாரம் கிடைப்பது சுழியம். முன்பு சேர்த்த புள்ளிகளிலிருந்து ஒன்றைக்கூட யாரும் கழிப்பதில்லை! பட்டியலுக்குக் கூட்டத்தான் தெரியும். கழித்தல் கணக்கை உன் மனதுக்குள் நடத்துகிறவன் நீ ஒருவன்தான். ஒரு நேர்காணலில் தவறினால், இதுவரை படித்தது எல்லாமே வீண் என்கிறாய். யார் கழித்தார்கள்? யார் உனக்கு அந்த உரிமையைக் கொடுத்தார்கள்?

ஜேசன் கோர் என்ற அமெரிக்கரைப் பார். 2005இல் இதே தொடரில் ஆடிக்கொண்டிருந்தவர். அப்போது அதன் பெயர் நேஷன்வைட் டூர். உலகத் தரவரிசையில் 800க்கும் கீழே. பைன்ஹர்ஸ்ட்டில் நடந்த யுஎஸ் ஓப்பனுக்குத் தகுதி பெற்று, மூன்று நாள் பிரமாதமாக ஆடி, கடைசி நாள் கடைசி ஜோடியில் ரெட்டீஃப் கூசன் என்பவருடன் களமிறங்கினார். உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. அன்று அவர் எடுத்துக்கொண்டது 84 அடிகள். தொழில்முறை ஆட்டக்காரர் வெளியே தலைகாட்டவே கூசுகிற எண் அது.

அவர் ஒளிந்துகொண்டாரா? கூட்டமும் கேமராவும் குறைந்த சின்னத் தொடருக்கே திரும்பிப் போனார். அந்தக் கோடையிலேயே அங்கே அடுத்தடுத்து மூன்று பட்டங்கள்! மூன்றாவதான ஒமாஹா போட்டியில் ஒரு நாள் ஆட்டத்தை 59 அடிகளிலேயே முடித்தார். ஒரே சீசனில் மூன்று வென்றால் ஆண்டு முடியும்வரை காத்திருக்காமல் மேலே போகலாம் என்பது விதி. போனார். செப்டம்பரில் பிஜிஏ டூரிலேயே பட்டம் வென்றார். அந்தப் போட்டியின் பெயர் 84 லம்பர் கிளாசிக்! 84 எடுத்த அதே கை, அதே மனிதர், இடையில் மூன்றே மாதம்.

டாம் லேமன் கதை இன்னும் நீளமானது. எண்பதுகளில் பிஜிஏ டூர் கார்டை இழந்து, கிடைத்த களத்திலெல்லாம் ஆடி அலைந்தவர். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் வேலை வந்தது. குளிர்காலத்தில் பனிச்சறுக்குக் கட்டைகளை வாடகைக்கு விடும் வேலையும் சேர்த்து. மறுத்தார். ஹோகன் டூருக்குப் போனார். 1991இல் அங்கே ஆண்டின் சிறந்த வீரர். 1996இல் பிரிட்டிஷ் ஓப்பன். 1997இல் உலகின் முதலிடம்.

எல்லோருக்கும் இப்படி நடக்காது. கார்டுகள் இருபதுதான், அதற்கு ஆடுவோர் நூற்றுக்கும் மேல். மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் இனிப்பான பொய்யைக் கேட்டுக் கிளம்புகிறவன் முதல் 'கட்'டிலேயே உடைந்துபோவான். எண்ணிக்கையைத் தெரிந்துகொண்டு, பந்தைத் தாங்கும் டீ முளையை ஊன்று!

நம் அர்ஜுன் அத்வால் ஊன்றினார். 2008இல் நேஷன்வைட் டூரில் வென்றவர், தோள் காயத்தால் தவித்து, 2010 ஜூலையில் பிஜிஏ டூர் கார்டை இழந்தார். அடுத்த மாதம் கிரீன்ஸ்போரோவில் விண்டம் சாம்பியன்ஷிப். கார்டு இல்லாத அவர் திங்கட்கிழமைத் தகுதிப் போட்டியில் முட்டி மோதித்தான் உள்ளே வர வேண்டியிருந்தது. வந்தார். முதல் நாள் ஆட்டத்தை 61 அடிகளில் முடித்தார். ஞாயிற்றுக்கிழமை கடைசிக் குழியில் பந்தை உருட்டித் தள்ள ஏறக்குறைய ஏழடி தூரம் மீதமிருந்தது. உள்ளே தள்ளினார், ஓர் அடி வித்தியாசத்தில் வென்றார். பிஜிஏ டூரில் பட்டம் வென்ற முதல் இந்தியர், அந்த வாரத்துக்குள் திங்கட்கிழமை வாசல் வழியாக நுழைந்தவர்.