வடக்கு பார்த்த கண்ணாடி

விடியவில்லை. காட்டுப் பக்கமிருந்து ஒரு சிங்கத்தின் குரல். பிறகு தாம்பரம் போகும் மின்சார ரயில். பிறகு ஒன்றுமில்லை.

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் குளிர்ந்திருக்கிறது. வடக்கே வண்டலூர் காப்புக்காடு. மரத்தலைகள் எல்லாம் ஒரே கருப்பு. வெளிச்சம் வர வர ஒவ்வொன்றாகப் பிரிகின்றன.

இந்தச் சுவரில் ஒரு கேமரா இருக்கப் போகிறது. ஆண்டுக்கணக்கில். எந்தக் கேமரா என்பது இன்னும் முடிவாகவில்லை.

*

2016 டிசம்பர் 12. வர்தா புயல். வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன.

சாய்ந்த இடத்தில் புல். புதர். கன்று.

காடு மீண்டும் எழுந்து வந்த விதம் எந்தப் படத்திலும் இல்லை, இந்தச் சுவரிலிருந்து.

*

பத்து நிமிடத்துக்கு ஒரு படம். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. நாளுக்கு 72. ஆண்டுக்கு 26,280. நொடிக்கு 24 படமாக ஓட்டினால் பதினெட்டேகால் நிமிடம்.

மணிக்கு ஒன்று என்றால், ஓர் ஆண்டு மூன்று நிமிடம்.

மேகத்துக்கு நொடிக்கணக்கு வேண்டும். மரத்துக்கு நாள்கணக்கு போதும். கருவியைத் தேர்வதற்கு முன்னால் இந்தக் கணக்கு.

மனம் மேகத்தையும் கேட்கிறது. கேட்கட்டும்.

*

டிஎஸ்எல்ஆர். ஒவ்வொரு படத்துக்கும் உள்ளே கண்ணாடி எழுகிறது, திரை திறக்கிறது, மூடுகிறது. ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் என்று ஷட்டருக்கு ஆயுள் சொல்கிறார்கள். 72 வீதம் போனால், ஒன்றரை லட்சம் ஐந்தரை ஆண்டைத் தாண்டும்.

மிரர்லெஸ்ஸில் மின்னணு ஷட்டர். எதுவும் அசைவதில்லை. எதுவும் தேய்வதில்லை. சத்தமும் இல்லை.

டிஎஸ்எல்ஆரில் அந்த 'டக்' கேட்கும். மூடிய பெட்டிக்குள்ளிருந்தும், மாடிப்படி வரை. கருவி உயிரோடு இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

*

ஜூம் லென்ஸ் வேண்டாம். வெயிலில் விரிந்து, இரவில் சுருங்கி, வளையம் மயிரிழை நகரும். மயிரிழை போதும். காடு இடம் மாறிவிடும்.

அப்பர்ச்சர் இதழ்கள் படத்துக்குப் படம் இம்மி மாறி மூடுகின்றன. தனிப் படத்தில் தெரிவதில்லை. ஓட்டிப் பார்த்தால் வெளிச்சம் துடிக்கிறது. கையால் வளையம் திருப்பும் பழைய லென்ஸில் இதழ்கள் வைத்த இடத்திலேயே நிற்கின்றன.

அப்படிப்பட்ட ஒன்று கையில் இருக்கிறது. டார்ச் அடித்தால், உள்ளே, கண்ணாடியின் ஓரத்தில் ஒரு வெள்ளை நூல். சிலந்தி கட்டத் தொடங்கி விட்டுப்போனது போல. பூஞ்சை. சென்னையின் ஈரம் அலமாரிக்குள்ளேயே இதைச் செய்துவிடுகிறது.

வேறு லென்ஸ் பார்க்க வேண்டும்.

*

வடக்கு பார்த்து வைத்தால் வெயில் லென்ஸில் விழாது என்பார்கள். 13 பாகை அட்சரேகையில் இருக்கிற ஊருக்கு அது பாதி உண்மை. ஏப்ரல் கடைசியில் சூரியன் உச்சியைக் கடக்கிறது. ஆகஸ்ட் நடுப்பகுதி தாண்டும்வரை நண்பகல் வெயில் வடக்கிலிருந்துதான்.

லென்ஸுக்கு மேல் நீண்ட தகரத் தாழ்வாரம். காலைக்கும் மாலைக்கும் பக்கவாட்டில் இரண்டு தகடு.

*

பெரும்பாலான கேமராக்களின் கையேடு 40 டிகிரியோடு நின்றுவிடுகிறது. மே மாதத்தில் மீனம்பாக்கம் வானிலை நிலையத்தின் அளவு அதைத் தாண்டும். அது நிழலில். பெட்டிக்குள் இன்னும் கூடுதல்.

வெள்ளைப் பெயின்ட். பெட்டிக்கு மேல் இன்னொரு தகடு. நடுவே காற்று போக இரண்டு விரல் இடம்.

*

ஐப்பசி. ஈரம் மேலிருந்து மட்டும் வருவதில்லை.

ரப்பர் கேஸ்கெட். சிலிக்கா ஜெல். நீல மணிகள், ஈரம் ஏற ஏற இளஞ்சிவப்பாகின்றன. ஒரு மணியை விரல்களுக்கு நடுவே பிடித்தால், வியர்வையை இழுப்பது தெரிகிறது.

கேபிள் நுழையும் துளை. மழைக்கு முன்னால் எறும்பு அதைக் கண்டுபிடிக்கும்.

*

2015 டிசம்பர் 1, 2. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை. கரண்ட் இல்லாத நாள்கள்.

எந்த நாளின் படம் மிகவும் தேவையோ, அந்த நாளில் வீட்டு ப்ளக் வேலை செய்யாது.

சோலார் பேனல். 12 வோல்ட் பேட்டரி. வெயிலே வராத ஒரு வாரத்தைத் தாங்கும் பேட்டரி. கனமானது. மாடிப்படியில் தூக்கும்போது கைப்பிடி விரலில் பதியும்.

*

2007இல் புகைப்படக்காரர் ஜேம்ஸ் பேலாக் பனியாறுகளின் ஓரத்தில் கேமராக்களை நிறுத்துகிறார். கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, அலாஸ்கா. பகல் வெளிச்சம் உள்ளவரை, மணிக்கு ஒரு படம். முதலில் கைவிட்டது கேமரா இல்லை. அதை இயக்கிய டைமர் சர்க்யூட்.

சின்னப் பொருள். பட்டியலில் கடைசியில் எழுதப்படுவது.

*

கொடைக்கானல் வானாய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். நாள்தோறும். நெடுங்காலம் கண்ணாடித் தட்டுகளில். மேகம் மூடிய நாளுக்குப் படம் இல்லை.

அந்த இடைவெளிகளும் பதிவில் இருக்கின்றன.

கருவியை முடிந்தவரை மாற்றாமல் வைத்திருந்தார்கள். அதனால் ஒரு நூற்றாண்டின் சூரியப் புள்ளிகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க முடிகிறது. புதிய கருவிகள் வராமலா இருந்திருக்கும்.

இந்த வரியில் பேனா கொஞ்ச நேரம் நிற்கிறது.

*

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் பக்கம் ஹாரன் சத்தம். 2023 டிசம்பர் வரை அங்கே இவ்வளவு பேருந்துகள் இல்லை. சத்தம் படத்தில் வராது. காடு அதைக் கேட்டுக்கொண்டே வளரும்.

*

சுவர் இப்போது சுடுகிறது.

கேமராவின் விலை ஒரு பக்கம். மற்றதன் விலை ஒரு பக்கம். இரண்டையும் அருகருகே எழுதினால், மற்றதுதான் நீளம்.

ட்ரைபாட் மூன்று காலில் நிற்கிறது. காற்றுக்கு ஒரு கால் போதும். சுவரில் இரும்புத் தகடு, நான்கு போல்ட்.

எத்தனை மெகாபிக்சல் என்ற கேள்வி எங்கோ வழியில் நின்றுவிட்டது. யாரும் அதைத் தேடவில்லை.

*

செகண்ட் ஹாண்ட் டிஎஸ்எல்ஆர் ஒன்று. பூஞ்சை இல்லாத, கையால் திருப்பும் 35 மி.மீ. லென்ஸ். மீதிப் பணம் முழுக்கப் பெட்டிக்கும், பேட்டரிக்கும், டைமருக்கும்.